எட்டுக்கு ஆறு

“மீனுக்கு வீடு கட்டத் தெரியுது, மச்சினனுக்கு ஒரு ரூம் கட்ட மனசு வரலை. நல்லா இருக்குங்க உங்க நியாயம்!”

மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. கணக்கு வாத்தியார் கையிலிருந்த கிராஃப் தாளைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். பத்தாம் வகுப்பையே ஒற்றைப் பார்வையில் அடக்குகிற மனிதர். வீட்டில் மட்டும் பெட்டிப் பாம்பு.

வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் நீளமான ஹோஸ் குழாய் ஒன்று வளைந்து கிடந்தது, மிச்சம் ஓரத்தில் சுருளாக. எட்டடிக்கு ஆறடி. அதுதான் அவர் கட்டப்போகும் குளத்தின் கரைக்கோடு, கோய் என்கிற ஜப்பானிய வண்ண மீன்களுக்காக. மூன்று மாதத்துக்கு முன்பு படுக்கையறை மேஜையில் கிடந்த ஏதோ ஒரு மீன் புத்தகத்தைப் பொழுது போகாமல் புரட்டினார், பிடித்தது பைத்தியம். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஐந்து மீன்கள், நாலடி ஆழத் தண்ணீர், கரையில் ஒரு நாற்காலி. மனிதருக்கு வேறு ஆசையே கிடையாது.

அந்த ஆசைக்கும் இன்று ஆபத்து வந்திருந்தது, கையில் அளவு டேப்போடு.

“மாமா, ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன்” என்றான் மனைவியின் தம்பி. “இங்க பத்துக்குப் பத்து ஒரே ஒரு ரூம். எலி வளையானாலும் தனி வளை வேணும்ல?”

“வளையை எலிதானே மாப்ள தோண்டும்?” என்று வாத்தியார் முணுமுணுத்தார்.

“டிரம்ஸ் கிளாஸ் ஆரம்பிக்கப் போறேன் மாமா. காலைல ஒரு பேட்ச், சாயங்காலம் ஒரு பேட்ச்.”

போன முறை ‘ரெண்டே வாரம்’ என்று வந்தவன் பதினோரு மாதம் இருந்துவிட்டுப் போனான். கூடவே டிரம்ஸும் இருந்தது.

சுண்ணாம்புப் பொடி வாளியோடு நின்ற மேஸ்திரி தொண்டையைச் செருமினார். அந்த வட்டாரத்தில் மீன் குளம் கட்டுவதில் கைதேர்ந்தவர்.

“முன்னாடியே சொல்லிடறேன் சார். ஹோஸ் எங்க கிடக்கோ அங்க பொடி தூவுவேன். பொடி விழுந்தா அதுதான் கரை. சுத்தி நாலடிக்கு எந்தக் கட்டடமும் வரக்கூடாது. பாரம் தாங்காம மண்ணு சரிஞ்சிடும்.”

“கேட்டியாடா தம்பி அநியாயத்தை!” மனைவிக்குக் கோபம் தலைக்கேறியது. “கூடப்பொறந்தவனுக்கு இடம் இல்லையாம். ஊர் பேர் தெரியாத மீனுக்கு இடமாம்!”

ஹோஸை ஓங்கி ஓர் உதை விட்டாள். அதன் ஒரு பக்கம் வேலியை நோக்கி நாலடி தள்ளிப் போய் விழுந்தது. மேஸ்திரி அது விழுந்த இடத்தில் பொடி தூவினார்.

“மேஸ்திரி, கோடு மாறுதே…” என்று வாத்தியார் இழுத்தார்.

“ஹோஸ் எங்க கிடக்கோ அங்கதான் சார் பொடி.”

“அக்கா சொல்றதுல என்ன தப்பு மாமா?” என்று தம்பி ஏற்றிவிட்டான். “நீ கேளுக்கா!”

“கேக்காம விடுவேனா?” இரண்டாவது உதை. இந்த முறை ஹோஸின் இன்னொரு பக்கம் சுவரை நோக்கி நாலடி நகர்ந்தது. பொடி விழுந்தது.

எட்டுக்கு ஆறு நாற்பத்தெட்டு. இப்போது பன்னிரண்டுக்குப் பத்து, நூற்றிருபது. வாத்தியாரின் மூளை தானாகக் கணக்குப் போட்டது. சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

“இந்த மனுஷன் தலையில மூளைக்குப் பதிலா மீன்தான் நீந்துது!”

மூன்றாவது உதை. நீளத்தில் இன்னும் நாலடி, மறுபடி பொடி. தம்பி குனிந்து தன் காலைப் பார்த்தான்.

“அக்கா! நான் நிக்கிற இடமே குளத்துக்குள்ள வந்துடுச்சுக்கா! ரூமுக்கு இனி இடம் எங்க?”

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். “என் பேச்சுக்கு இந்த வீட்ல என்னடா மதிப்பு? எல்லாம் விழலுக்கு இறைச்ச நீர்தான்.” முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க விசும்பினாள்.

தம்பிக்குத் தாங்கவில்லை. “அழாதக்கா. உன் பாசம் எனக்குத் தெரியாதா? நான் சித்தப்பா வீட்டுக்குப் போய்க்கறேன். அங்க மாடி ரூம் சும்மாதான் கிடக்கு.” வாத்தியாரை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டு, டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனான்.

கேட் சாத்தப்படும் சத்தம் கேட்டது. வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“என்னை மன்னிச்சிடும்மா. குளமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ அழுதா எனக்கு ஆகாது. அவனைத் திரும்பக் கூப்பிடறேன்.”

“ஐயோ, முதல்ல வாயைக் கழுவுங்க!” என்று அவள் துள்ளி எழுந்தாள். கண் காய்ந்துதான் இருந்தது. “மேஸ்திரி, நீங்க போன்ல சொன்ன மாதிரியே மூணு உதை. அளவு வந்துடுச்சா?”

“பதினாறுக்குப் பத்து. கரெக்டா வந்திருக்கும்மா.”

வாத்தியார் படியில் உட்கார்ந்தபடியே அவளை அண்ணாந்து பார்த்தார்.

“அப்படிப் பாக்காதீங்க. கூடப்பொறந்தவனை ‘வராதே’ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குற பய. இன்னொரு பதினோரு மாசம் அந்த டிரம்ஸைக் கேட்டா நான் செத்தே போயிடுவேங்க.”

“அதுக்காக, நான் ஆசைஆசையா நினைச்சு வெச்ச குளத்தை நீ…”

“நீங்க நினைச்சதா?” அவள் சிரித்தாள். “அந்த மீன் புஸ்தகத்தை உங்க மேஜையில வெச்சது யாருங்க?”