பள்ளத்துப் பாகம்

கணவர் விட்டுப்போன மலையடிவாரக் காட்டு நிலத்தை மகளுக்கும் மகனுக்கும் பிரித்துக் கொடுக்க நாச்சம்மாள் சர்வேயரை அழைத்து வந்திருந்தார். மகள் கோமளா தன் பாகத்தை ஒரு ரிசார்ட்காரருக்கு விற்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். அந்தக் காடே கதியென்று கிடக்கும் தம்பி சென்னியப்பன், அக்காவின் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தான். ஓடைப் பள்ளத்தை நெருங்கும்போது பிளிறல் கேட்டது. நால்வரும் பதறி, பக்கத்துப் பாறைமேல் தொற்றி ஏறினார்கள். கீழே யானைகள் வட்டம் கட்டி நின்றன. நடுவில் நின்ற யானை பின்னங்கால்களை மடக்கியது. ஈரமான கறுப்பு மூட்டை ஒன்று சருகின்மேல் விழுந்தது. அது அசையவில்லை. தாய் அதைக் காலால் மெல்ல உருட்டியது.

"எந்திரிச்சிரு சாமி," என்று முணுமுணுத்த கோமளா தம்பியின் சட்டையை இறுகப் பிடித்திருந்தாள்.

குட்டி எழுந்தது, குப்புற விழுந்தது. மறுபடி எழுந்து, தன் துதிக்கையைத் தானே மிதித்துத் தடுமாறி, கடைசியில் நின்றேவிட்டது. சர்வேயர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாச்சம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

"இனி எங்கடா போகும்?" என்று கோமளா தம்பியிடம் கேட்டாள்.

"எங்கயும் போகாதுக்கா. குட்டி நல்லா நடக்கற வரைக்கும் இந்தப் பள்ளத்துலதான் நிக்கும்."

கோமளா சர்வேயர் பக்கம் திரும்பினாள். "இந்தப் பள்ளம் யாரு பாகத்துலங்க வருது?"

அவர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "உங்களுதுலதானுங்க."

"என்னுதுலயா?" கோமளா பாறை விளிம்புவரை முட்டிபோட்டு நகர்ந்தாள். மூச்சு வாங்க, மறுபடியும் கேட்டாள்: "நெசமாவே என்னுதுலயா?"