பார்த்த முகம்

ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியில் முகம் மோதியபோது அவளுக்கு வலி தெரியவில்லை. பல் உடைகிற சத்தம்தான் கேட்டது.

கணவனின் பிடி அவள் தலைமுடியில் இருந்தது. இன்னொரு முறை மோதினான். பிறகு கழுத்தைப் பிடித்தான்.

அவள் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. திரையில் வந்த ஒரு முகத்துக்கு அவன் ‘பார்க்காதது’ பொத்தானை அழுத்தியபோது, காலையில் காட்டினார்களே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அதுவும் ஆராய்ச்சிக்கு வந்த பெண்ணின் எதிரில்.

அவன் மூளைக்குள் மெல்லிய கம்பிகள் இருந்தன. வலிப்பு எந்த இடத்தில் கிளம்புகிறது என்று பார்த்து ஆபரேஷன் செய்ய டாக்டர்கள் வைத்தவை.

ஒரு முறை பார்த்த முகத்தை மூளை எப்படி அடையாளம் காண்கிறது என்பதை அதே கம்பிகளின் வழியாகப் பதிவு செய்துகொண்டிருந்தாள் அந்த ஆராய்ச்சிப் பெண். தெரிந்த முகம் வந்தால் கணினியில் ஒரு கோடு விசுக்கென்று எழும்பும். மனைவியின் படத்துக்குத்தான் எல்லாவற்றையும்விட உயரம்.

வாயால் ஒரு நாளும் சொல்லமாட்டான், உள்ளுக்குள்ளே எப்படி வைத்திருக்கிறான் பார் என்று அத்தை மருமகளைச் சீண்டியிருந்தாள்.

இரண்டு நர்சுகள் சேர்ந்து அவன் விரல்களைப் பிரித்தார்கள். அவள் தரையில் சரிந்து ரத்தத்தைத் துப்பினாள். பல்லும் வந்து விழுந்தது.

அவனுக்கு மூச்சு வாங்கியது. கண்கள் எங்கோ நிலைகுத்தி நின்றன. பிறகு அவளைப் பார்த்து, வழக்கமாகக் கேட்பதையே கேட்டான்.

“நீ யாரு?”

விலா எலும்பு முறிந்த அன்றும், முதுகில் வெந்நீர் விழுந்த அன்றும் இதையேதான் கேட்டான். வலிப்பு வந்தால் பிள்ளைக்குத் தன் நினைவே இருக்காது, நோயை நொந்து என்ன ஆகப்போகிறது என்பாள் அத்தை. சொல்லிக்கொண்டே மருந்து போட்டுவிடுவாள்.

அவளும் நம்பினாள். ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தாள்.

அத்தை இப்போதும் துண்டால் அவள் வாயைத் துடைத்தபடி அதையே சொல்லத் தொடங்கினாள்.

வலிப்பு வரவில்லை என்றாள் ஆராய்ச்சிப் பெண். காலையிலிருந்தே வரவில்லையாம்.

திரையைத் திருப்பிக் காட்டினாள். யார் என்று அவன் கேட்ட அந்த நொடியில் கோடு உச்சிக்குப் போயிருந்தது.

அவன் இன்னும் ஊர் பேர் தெரியாதவன் போல விழித்துக்கொண்டிருந்தான்.

மகனை எவரிடமும் விட்டுக்கொடுக்காத அத்தை. கணினிக்கு என்ன தெரியும் என்று இப்போது சண்டைக்குப் போவாள் என்று மருமகள் நினைத்தாள்.

அத்தை திரையிலிருந்த அந்தக் கோட்டையே பார்த்தாள். போலீசுக்குப் போன் போடும்படி நர்சிடம் சொன்னாள். பிறகு மருமகளின் பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்தாள்.

“உன் மாமனாருக்கும் இதே வலிப்புதாம்மா. அவர் சாகுற வரைக்கும் நான் நம்பிட்டுதான் இருந்தேன்.”