சித்தப்பா சாக வேண்டும்

“அந்தச் சித்தப்பாவை உடனே கொன்றுவிடுங்கள். இல்லையென்றால் விஷயம் விபரீதமாகிவிடும்” என்று எழுதி, கீழே ‘மூன்று பிள்ளைகளின் தாய்’ என்று கையெழுத்துப் போட்டார் பேராசிரியர்.

மீசையைத் தடவிக்கொண்டே ஒரு முறை படித்துப் பார்த்தார். இடது கையால் எழுதியதில் எழுத்து நன்றாகக் கோணியிருந்தது. இது இருபத்தெட்டாவது கடிதம்.

சித்தப்பா அவருடைய சொந்தச் சித்தப்பா இல்லை. வாரப் பத்திரிகையில் தையல்கடைக்காரர் ஒருவர் எழுதிவரும் தொடர்கதையில் வருகிறவர். கதாநாயகி ஆபரேஷன் தியேட்டரில் உயிருக்குப் போராடும்போது, வெளியே நின்றுகொண்டு “இந்த ஃபேனைத் துடைச்சு எத்தனை மாசம் ஆச்சு?” என்று நர்ஸிடம் மல்லுக்கு நிற்கிற ரகம். எதற்கெடுத்தாலும் “நான் அப்பவே சொன்னேன்” வேறு.

அதே பத்திரிகையில் பேராசிரியரும் ஒரு தொடர் எழுதிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகக் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவர். அவர் கதையில் யாரும் யாரையும் எரிச்சல்படுத்த மாட்டார்கள். எல்லோரும் நல்லவர்கள், நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள்.

இந்த நேரத்தில்தான் பக்கங்களைக் குறைக்கப் போவதாகவும், இரண்டு தொடர்களில் ஒன்று நிறுத்தப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. தப்பிப் பிழைக்கிற கதை புத்தகமாகவும் வருமாம். ரிட்டயர் ஆவதற்குள் ஒரு புத்தக அட்டையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் பேராசிரியரின் ஒரே ஆசை.

“காஜா எடுக்கிறவனெல்லாம் கதை எழுத வந்துட்டான்!” என்று அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. போன வாரம் பஸ்ஸில் இரண்டு பெண்கள் சித்தப்பாவைப் பற்றியே வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். பேராசிரியர் பொறுக்க முடியாமல் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, வீடு வரைக்கும் நடந்தார்.

“வாசகர் கடிதங்களை வச்சுத்தான் முடிவு பண்ணுவோம்னு போட்டிருக்காங்க” என்றாள் மனைவி, புதுப் பத்திரிகையைப் பிரித்தபடி. “அந்த ஆளுக்காக இவ்வளவு மெனக்கெடறீங்களே, உங்க கதையைப் பாராட்டி நாலு கடிதம் போட்டா என்னங்க?”

“சீச்சீ! என்னை நானே பாராட்டிக்கறதா? நான் என்ன அவ்வளவு கேவலமாவா போயிட்டேன்?”

சொல்லிவிட்டு, பச்சை மைப் பேனாவை எடுத்து அடுத்த கடிதத்தை ஆரம்பித்தார். இதை எழுதுகிறவர் ‘ஓய்வுபெற்ற நீதிபதி’.

மனைவி பக்கங்களைப் பரபரவென்று தள்ளிக்கொண்டு போனாள்.

“என் கதை நடுப்பக்கத்துல இருக்கு” என்றார் பேராசிரியர்.

“இருங்க, இருங்க. இந்தச் சித்தப்பா சனியன் கதாநாயகி வேலைக்கே உலை வச்சிடும் போலிருக்கு. படிக்கும்போதே நாலு அறை விடணும்போல வருது!” அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தலை நிமிராமல் படித்தாள்.

“பாத்தியா? இந்த மாதிரி ஒரு எரிச்சல் பேர்வழி போதும், மொத்த நாவலும் பாழ்!” பேராசிரியருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த வரியை அப்படியே நீதிபதியின் வாயில் போட்டார்.

அந்த வாரம் முழுவதும் விதவிதமான மையில், விதவிதமான கோணலில் கடிதங்கள் தயாராயின. ஒரே பெட்டியில் போட்டால் சந்தேகம் வருமென்று, ஊரெல்லாம் நடந்து தபால் பெட்டி தேடிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எடிட்டர் எழுத்தாளர்கள் இரண்டு பேரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். மேஜை மேல் ரப்பர் பேண்ட் போட்ட கடிதக் கட்டு ஒன்று கனமாக உட்கார்ந்திருந்தது. மேலே பச்சை மை தெரிந்தது. பேராசிரியருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

தையல்கடைக்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது.

“எல்லாரும் காறித் துப்பியிருக்காங்களே சார். இத்தனை பேர் மனசை நோகடிச்சுட்டேன். சித்தப்பாவை இந்த வாரமே கொன்னுடறேன்.”

பேராசிரியர் பெரிய மனது பண்ணி அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். “விடுங்க தம்பி. எழுத்து எல்லாருக்கும் வந்துடுமா?”

“கொல்றதா?” எடிட்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “சித்தப்பா மேல கை வச்சீங்க, நடக்கறதே வேற! ஒரே மாசத்துல நாப்பது கடிதம் ஐயா! பத்திரிகை ஆரம்பிச்ச நாள்லேருந்து எந்தக் கதைக்கும் இவ்வளவு வந்ததில்ல. உங்க கதைதான் தொடருது. புத்தகமும் போடறோம். அட்டையில சித்தப்பா படம்.”

பேராசிரியர் அந்தக் கடிதக் கட்டைச் சுட்டிக் காட்டினார்.

“சார்... நாப்பது பேரும் திட்டித்தானே எழுதியிருக்காங்க?”

எடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். பாவமாக அவரைப் பார்த்தார்.

“உங்க கதையைத் திட்டக்கூட ஒரு ஆள் இல்லையே, சார்!”