இரண்டு குதிகாலும் தரையில்

பழைய வண்டிக் கடையின் தகரக் கூரை இடுக்கில் இறங்கும் வெயிலில், நெடும்பயண பைக்கின் டேங்க் பளபளக்கிறது. "முட்டி வலிய வச்சிக்கிட்டு இதெல்லாம் தேவையா?" என்று காலையிலிருந்து ஒரே பாட்டைப் பாடுகிறார் கணவர். ஓய்வுபெற்ற நர்ஸம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகன் பிறந்தபோது தன் வண்டியை விற்றவள், அவன் கல்யாணம் முடிந்து இப்போதுதான் மறுபடி ஒரு பைக்கில் ஏறக் காலைத் தூக்குகிறாள். பாதம் பின்சீட்டின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் சாமான் பெட்டியில் இடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்று, காலைச் சுழற்றிப் போட்டு உட்கார்ந்தேவிடுகிறாள். வண்டியை நிமிர்த்துகிறாள். இரண்டு குதிகாலும் தரையில் அழுந்தப் பதிகின்றன. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் என்ஜின் அடிவயிறு அதிர உறுமுகிறது; அவளுக்கு வாயெல்லாம் பல். கண்ணாடியில் பார்த்தால், கணவர் அந்தப் பெட்டியைத் திறந்து சாண் போட்டு அளந்துகொண்டிருக்கிறார். சத்தத்தை மீறிக் கடைக்காரரிடம் கத்துகிறார்: "தம்பி, என் தலைகாணி இதுல கொள்ளுமா?"