நரம்பு என்று சொல்லாதே

ப்யூனஸ் அயர்ஸ் அரசு மருத்துவமனை. மனநலப் பிரிவு வரிசையில் பக்கத்திலிருந்தவள் நீட்டிய மாத்தே டீக் குடுவையை, பொலிவியாவிலிருந்து பிழைக்க வந்த தையல்காரி பெனிதா வாங்கவில்லை. அந்தப் பெண் போட்டிருந்தது நல்ல சட்டை, நல்ல செருப்பு. இவளுக்கு இந்த வரிசையில் என்ன வேலை?

"டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லப் போறே?"

"உங்களுக்கு எதுக்கு, சென்யோரா?"

"சும்மாதான் கேட்டேன்."

பெனிதா கைப்பையை இறுக்கிக்கொண்டாள். "தூக்கமில்ல. நரம்பு படுத்துது."

"போச்சு! பொலிவியாக்காரி நரம்புன்னு சொன்னா மாத்திரைதான் எழுதுவாரு. மனசு தாங்கலைன்னு சொல்லிப் பாரு. ஒக்கார வெச்சுப் பேசற வைத்தியத்துக்கு அனுப்புவாரு."

எதற்கு இவ்வளவு அக்கறை? போலீசில் போட்டுக்கொடுக்க வந்தவளோ? பெனிதாவிடம் குடியிருப்பு அட்டைகூட இல்லை.

ஆனாலும் மூன்று வருட மாத்திரை அலுத்திருந்தது. உள்ளே போய், "மனசு தாங்கல டாக்டர்" என்றாள்.

டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "அப்ப நீ பேசினாத்தான் சரியாகும். அடுத்த செவ்வாய், பதினாலாம் அறை."

செவ்வாயன்று கதவைத் திறந்தாள். மேஜையில் அதே குடுவை. பின்னால் அதே பெண்.

"நீங்களா!"

"உங்க ஊர்க்காரங்க ஒருத்தரக்கூட அந்த டாக்டர் எங்கிட்ட அனுப்பினதில்ல. அதான் நானே வரிசையில வந்து ஒக்காந்தேன்" என்று குடுவையை நீட்டினாள் அவள். "இங்க நீ நரம்புன்னே சொல்லலாம்."