மாறாத கட்டம்

"திங்கக்கிழமை ஒரு மணி நேரத்துல இது ஓடி முடியலன்னா, என் ஸ்காலர்ஷிப் அவ்வளவுதான் லா!"

லயத்து வீட்டுத் தரையில், ஓரமெல்லாம் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள்களைப் பரப்பிக்கொண்டு சொன்னான் உமாபதி. பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் பிடித்துத் தோட்டத்துக்குச் சற்று முன்புதான் வந்திருந்தான். 'இந்தத் தடவையாவது என் முகத்தப் பார்த்துப் பேசலன்னா, அசாம் ஜாவாவுல இருக்குற அம்மா வீட்டுக்குப் போயிருவேன்' என்று போன வாரம் மிரட்டியிருந்தாள் மனைவி அம்சவள்ளி. வீட்டில் இருப்பாளோ மாட்டாளோ என்றுதான் படியேறினான்.

அடுப்படியில் அம்சவள்ளியின் அதே சிவப்புப் பூப்போட்ட சாரோங், வாசலுக்கு முதுகைக் காட்டித் தேங்காய் துருவிக்கொண்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. உடனே தாள்களை விரித்துவிட்டான், மகராசன்.

"அப்படி என்னதான் ஓடணும்?" துருவலுக்கு நடுவே கேள்வி வந்தது.

"வீடியோவ சுருக்குற கணக்கு. படத்தச் சின்னச் சின்னக் கட்டமா வெட்டி, ஒவ்வொன்னும் முந்தின படத்துல எங்க இருந்துச்சுன்னு கம்ப்யூட்டர் தேடும். ஒரு நிமிஷப் படத்துக்கு மூணு மணி நேரம் தேடுது."

"எல்லாத்தையும் ஏன் தேடணும்?"

"அப்படிக் கேளு! நம்ம மண்டோர் உடையப்பன் காலையில பெரட்டுல வேலையாளுங்கள எண்ணுறப்ப ஒவ்வொரு பேராவா கூப்பிடுறாரு? ஆளுக்கு ஒரு இடம். அந்த இடத்துல ஆள் நின்னா வந்தாச்சு. காலியா கிடந்தாதான் யாருன்னு கேப்பாரு. நானும் அதையே எழுதிட்டேன். முந்தி மாதிரியே இருக்குற கட்டத்தத் தேடவே வேணாம். முக்கால்வாசி வேலை மிச்சம்!"

"தப்பு வராதா?"

"எப்படி வரும்? அதே இடம், அதே நிறம். இதுக்கு மேல என்ன பார்க்கணும்?" தாளிலிருந்து தலையை எடுக்காமலே சிரித்தான். பெருமை தாங்கவில்லை அவனுக்கு. "இத்தன வருஷத்துல மண்டோர் ஒரு தப்பு பண்ணியிருப்பாரா?"

துருவும் சத்தம் நின்றது. கோப்பி தம்ளர் ஒன்று தாள்களின் மேல் 'ணங்' என்று வந்து உட்கார்ந்தது.

"மூணு நாளா பண்ணிக்கிட்டுத்தான் இருக்காரு அத்தான்," என்றாள் அம்சவள்ளியின் தங்கை நவமணி. "அக்கா புதன்கிழமையே அசாம் ஜாவா போயிருச்சு. அது சாரோங்கக் கட்டிக்கிட்டு, பெரட்டுல அது இடத்துல நிக்கிறது நான்தான்."