செவலை யார் பேச்சைக் கேட்கும்?

மஹ்மூதா பீவி இன்றைக்கும் கதவைப் படாரென்று சாத்தினாள். வாலை ஆட்டிக்கொண்டு போன செவலை அவள் வாசலில் அப்படியே நின்றுவிட்டது.

"பாத்தியளா? மனுசத்தன்மை உள்ளவங்க செய்யுத வேலையா இது?" என்றாள் பிரேமலதா.

அவள் கணவன் கணேஷ்ராம் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பக்கத்து வீட்டுல அவியளுக்கு நாய் ஆகாதுல்லா. தெரிஞ்ச விஷயம்தான."

"ஆகலைன்னா தள்ளிப் போகட்டும். மூஞ்சில அடிச்ச மாதிரியா சாத்தணும்?"

தச்சநல்லூரில் இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. முன்னால் குடியிருந்த புண்ணியவான் காலி செய்தபோது ஃபேனைக்கூட மறக்காமல் கழற்றிக்கொண்டு போனான். புறவாசலில் ஆறு வருஷமாகச் சங்கிலியில் கிடந்த நாயை மட்டும் மறந்துவிட்டான். அதன் கழுத்தைச் சுற்றி வளையமாக முடியே இல்லை. யாராவது கையைத் தூக்கினால் தரையோடு ஒட்டிக்கொண்டு நடுங்கும்.

பிரேமலதா அதை அவிழ்த்துவிட்டாள். நிறத்தைப் பார்த்து செவலை என்று பேரும் வைத்தாள். வீட்டுச் சொந்தக்காரர் கருத்தையா அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை.

"வருசக்கணக்கா கட்டிக் கெடந்த நாய், தாயி. திரும்பக் கட்டவும் மாட்டேங்கிய. யாரையும் கடிச்சு வச்சா நான்லா பதில் சொல்லணும்? அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம வாரேன். சொன்ன பேச்சு கேட்டா இருக்கட்டும். இல்லைன்னா ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டுருவேன்."

அன்றிலிருந்து காலையும் மாலையும் பாடம். அவித்த கோழி ஈரல்தான் பரிசு. கையைத் தூக்காமல், குரலை உயர்த்தாமல் "உக்காரு" என்பாள். உட்கார்ந்தால் ஒரு துண்டு. "வா" என்றதும் வந்தால் இன்னொன்று. முதல் வாரம் முழுக்க அது மூலையை விட்டு நகரவில்லை. எட்டாம் நாள் தயங்கித் தயங்கி வந்து அவள் உள்ளங்கையில் வாய் வைத்தபோது பிரேமலதா அழுதேவிட்டாள்.

வீட்டுக்குள் எல்லாம் சரிதான். கேட்டைத் திறந்தால் படித்ததெல்லாம் காற்றோடு போச்சு. நேரே மஹ்மூதா பீவி வீட்டுக்கு ஓடும். அவள் கதவைச் சாத்துவாள். சாத்திய கதவுக்கு முன்னால் இது படுத்துக் கிடக்கும். ஈரலைக் காட்டினாலும் திரும்பாது.

ஒருநாள் பிரேமலதா பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள். "அக்கா, அது ஒண்ணும் கடிக்காது."

"கடிக்குமோ கடிக்காதோ, உன் நாயை நீ பிடிச்சு வையி," என்று ஜன்னலையும் சாத்திக்கொண்டாள் அவள்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வந்தார். கேட்டை அவரே திறந்துவிட்டார். செவலை அவரைத் தாண்டி ஓடியது. அந்த நேரம் பார்த்தா காய்ந்த துணி எடுக்க மஹ்மூதா பீவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"செவலை, வா," என்றாள் பிரேமலதா. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தம்மா மேல பாயப் போகுது. நான் சொன்னேம்லா," என்று அண்ணாச்சி கம்பு தேடினார்.

மஹ்மூதா பீவி ஓடவில்லை. உள்ளங்கையைத் தாழ்வாக நீட்டினாள், அவ்வளவுதான். ஒரு கை தூரத்தில் செவலை சட்டென்று உட்கார்ந்தது. சேலையில் அதன் மூச்சுக்கூடப் படவில்லை.

அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிரேமலதா பக்கம் விரலைக் காட்டினாள்.

"அங்கன போ. அவ கூப்பிடுதால்லா, போ."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செவலை கதவைப் பார்த்தது. பிரேமலதா மறுபடியும் "வா" என்றாள். பைய எழுந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது.

"பரவால்லயே. பேச்சு கேக்குதே," என்றார் அண்ணாச்சி. "சரி தாயி, இருந்துட்டுப் போகட்டும்."

அவர் தெருமுனை தாண்டியதும் பிரேமலதா போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த மஹ்மூதா பீவியின் கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, உங்க கையப் பாத்ததும் எப்படி உக்காந்துச்சு?"

"ஆறு வருசப் பழக்கம்மா. வயிறு நெறஞ்சா காவல் காக்காதுன்னு முன்னால குடியிருந்த ஆளு அதைப் பட்டினி போடுவான். அவன் வேலைக்குப் போனதும் நான் புறவாசல் வழியா சோத்தக் கொண்டு வருவேன். சந்தோசத்துல மேல ஏறும். தொழுகத் துணியில நாய் வாய் பட்டா எங்க மார்க்கப்படி ஏழு தரம் கழுவணும்லா? அதான் கைய நீட்டினா தள்ளி உக்காரப் பழக்கி வச்சேன்."

ஒரு மாதமாக மனசுக்குள் அவளைத் திட்டியதெல்லாம் நினைத்து பிரேமலதாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இவ்வளவு பாசம் இருந்தும் எதுக்குக்கா தெனமும் அது மூஞ்சில கதவச் சாத்துதிய?"

மஹ்மூதா பீவி செவலை இருந்த பக்கமே திரும்பாமல் சொன்னாள்:

"நான் கதவத் தொறந்து வச்சிருந்தா, அது எப்பம்மா உன் நாயா ஆகும்?"